மேனேஜர் வீட்டுப் புல்வெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்வெட்டி ஓட மறுத்துவிட்டது.

வேறு யார் வீட்டில் என்றாலும் இது ஒரு சமாசாரமே இல்லை. 'புல்தானே, இன்னும் ஒரு வாரம் வளர்ந்துவிட்டுப் போகட்டும்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடலாம். ஆனால் இது அந்தப் புல்வெட்டியைச் செய்து விற்கிற கம்பெனியின் சேவை மேலாளர் வீடு. அன்று மாலை கம்பெனி முதலாளியே, ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறார். 'எங்கள் ஊழியர்களே எங்கள் வாடிக்கையாளர்கள்' என்று ஒரு விளம்பரப் புத்தகம் அச்சாகப் போகிறது. அதன் அட்டைக்காக மேலாளர் தன் வீட்டுப் புல்தரையை, வயரில்லாத பேட்டரிப் புல்வெட்டியால், சிரித்த முகத்தோடு வெட்ட வேண்டும்.

படம் மட்டும் என்றால்கூட ஜலதோஷம், முதுகுவலி என்று ஏதாவது சொல்லித் தள்ளிப் போட்டிருப்பார். தலைமைச் சேவை அதிகாரியின் நாற்காலி பல மாதமாகக் காலி. "வீட்டுக்கு வரும்போது அந்த விஷயத்தையும் முடிச்சிடுவோம்யா" என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். முதலாளியின் மேசையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று இவருடையது. மற்றது, வாடிக்கையாளர்களின் போன்களுக்குப் பதில் சொல்லும் கூடத்தின் கண்காணிப்பாளருடையது. எவ்வளவு திட்டினாலும் அந்த அம்மாளின் குரல் ஏறாது, இறங்காது. அதனால் அவருக்கு ஆபீசில் 'பனிக்கட்டி' என்று பெயர். அந்த இரண்டாவது பெயர் சும்மா ஒப்புக்கு என்று மேலாளர் நம்பினார். மனைவியையும் நம்ப வைத்தார். மனைவி அந்த நம்பிக்கையில் வீட்டுக் கூடத்துக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டாள்.

புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது. "வெட்டாம விட்டு வைங்க சார், வெட்டின இடமும் வெட்டாத இடமும் படத்துல பளிச்சுனு தெரியணும்" என்று புகைப்படக்காரர் சொன்னதால், மேலாளர் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருந்தார்.

லீவரை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். ஒரு முனகல்கூட வரவில்லை.

பேட்டரியைக் கழற்றினார். சார்ஜரில் போட்டுப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி முனைகளைத் துணியால் துடைத்து, மூச்சால் ஊதி, மாட்டினார். பாதுகாப்புச் சாவியைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். பேட்டரியை எடுத்துவிட்டு மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் காய்ந்து அப்பியிருந்த பழைய புல்லை ஒரு குச்சியால் சுரண்டினார். கையுறை போட்டுக்கொண்டு பிளேடைச் சுற்றிப் பார்த்தார். அது தடையில்லாமல் சுழன்றது. வெட்டும் உயரத்தை ஏற்றினார், இறக்கினார். எல்லாம் முடித்து, பேட்டரியைத் திரும்ப மாட்டி, நிமிர்ந்து லீவரை அழுத்தினார். ஊஹும்.

வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் தம்பி வாயைத் திறந்தான்.

"மாமா, தட்டிக் குடுத்துப் பாத்தீங்களா? சிலதுக்கு அதான் மருந்து."

"மாப்ள, நீ வாய மூடிட்டு இருந்தாலே அது ஓடும்."

"இல்ல மாமா, தெரியாமத்தான் கேக்குறேன். ஊர்ல இருக்கற புல்வெட்டி எல்லாம் ஓடலேன்னா உங்க கம்பெனிக்குப் போன் பண்றாங்க. உங்க கம்பெனிக்காரர் வீட்டுப் புல்வெட்டி ஓடலேன்னா யாருக்குப் போன் பண்ணுவாங்க?"

"அடுத்த வீட்டு மெஷின வேணா கேட்டு வாங்கட்டுமா?" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அது வேற கம்பெனிடி! முதலாளி அதைப் பாத்தார்னா என்னையும் சேத்து வெட்டிட்டுப் போயிடுவார்."

பழுது பார்ப்பவரை நேராகக் கூப்பிட வழியில்லை. அந்த வழியை அடைத்தவரே மேலாளர்தான். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாரும் குறுக்கே புகுந்து பழுது பார்ப்பவரை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வாடிக்கையாளர் முதலில் கூடத்துக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே வரிசையாகச் சில கேள்விகள் கேட்பார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் ஒரு வேலை எண் பிறக்கும். அந்த எண் இல்லாமல் பட்டறைக் கதவு திறக்காது. கேள்விகளை எழுதியதும் மேலாளர்தான். ஆபீசில் அதற்கு 'மந்திரம்' என்று பெயர். அவருக்கு 'மந்திரவாதி' என்று பெயர். முதல் பெயர் அவருக்குத் தெரியும்.

தன் போனில் கூப்பிட்டால் தன் பெயர் அங்கே திரையில் தெரியும். நாளைக்குக் கூடமே கைகொட்டிச் சிரிக்கும். மனைவியின் போனை வாங்கினார். புல்வெட்டியும் வாங்கும்போதே அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தது.

"குரல் தெரியாதா மாமா?" என்றான் மைத்துனன்.

"மாத்திப் பேசுவேன்டா. எத்தனை தடவை பேசியிருக்கேன்!"

பேசியிருந்தார், உண்மை. அவ்வப்போது மூக்கால் பேசி, கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி நடித்து, ஊழியர்கள் மந்திரத்தை ஒழுங்காகச் சொல்கிறார்களா என்று சோதிப்பது அவருடைய வழக்கம். சிக்கியவர்களுக்கு மதிப்பெண் குறையும். அந்த மூக்குக் குரலை யாரும் கண்டுபிடித்ததில்லை என்பது அவருடைய பெருமை.

போனை எடுத்த பெண் ஒரே வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டாள். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா! மந்திரவாதி! ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டேங்கறாரு!" என்று கிசுகிசுத்தாள். பனிக்கட்டி அன்று பணியில் இருந்தார். பதவி முடிவாகப்போகிற நாளில் தன்னைக் கவிழ்க்க ஒரு சோதனை வரும் என்று அவர் எதிர்பார்த்தே இருந்தார். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, இணைப்பைத் தன் பக்கம் வாங்கினார்.

"வணக்கம். உங்கள் புல்தரை எங்கள் பொறுப்பு. சொல்லுங்க சார்."

"என் புல்வெட்டி ஓடலம்மா. ஆள் அனுப்புங்க" என்றது மூக்கு.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். சில கேள்வி கேக்கலாமா? பேட்டரி முழுசா சார்ஜ் ஆகி..."

"ஆமா."

"அதைக் கழட்டி மறுபடி..."

"ஆமா."

"பாதுகாப்புச் சாவி..."

"ஆமா."

"கைப்பிடிய நிமித்தும்போது ரெண்டு பக்கமும் 'டக்'குன்னு..."

"ஆமா ஆமா ஆமா! அடுத்தது பிளேடு. அதுவும் ஆமா. வேலை எண்ணக் குடும்மா!"



"சார், அடுத்த கேள்வி பிளேடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மைத்துனன் படியில் விழுந்து சிரித்தான். மேலாளர் அவனைக் காலால் எட்டி உதைக்கப் பார்த்தார்.

"வாடிக்கையாளர் கேள்விய முடிக்க விடாம பதில் சொன்னா, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார். அது எங்க விதி. பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கா?"

அந்த விதியை எழுதிய நாள் மேலாளருக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவருக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. இனி மூக்கை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, சொந்தக் குரலுக்கு வந்தார்.

"இங்க பாருங்க, நான்தான் பேசுறேன். சேவை மேலாளர். நிஜமாவே என் வீட்டு மெஷின் ஓடல. இது சோதனை இல்ல. சாயங்காலம் முதலாளி வர்றார். அவசரம்."

கூடத்தில் எல்லோரும் பனிக்கட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். 'நான் யார் தெரியுமா' என்று கேட்பவர்களுக்கும் மந்திரத்தில் ஒரு பக்கம் உண்டு. பனிக்கட்டி அதைப் பார்க்காமலே சொன்னார்.

"உங்களோட பேசறதுல ரொம்ப சந்தோஷம் சார். எங்களுக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒண்ணுதான். பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கா?"

"என்னம்மா இது! என் குரல் தெரியலியா?"

"தெரியுது சார். பேட்டரி முழுசா..."

"பனிக்கட்டி! விளையாடாத!"

பட்டப்பெயரைச் சொல்லிக் கோபமூட்டிப் பார்க்கிறார் என்று கூடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எவ்வளவு கடுமையான சோதனை! பனிக்கட்டியின் குரல் இன்னும் ஒரு படி இனித்தது.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது சார். பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கா?"

மேலாளர் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே முறைத்துப் பார்த்தார். பிறகு அதற்குள் கத்தினார். "நான் எழுதின கேள்விய என்கிட்டயே கேக்குறீங்களா? எழுதினவனே நான்தாம்மா!"

"யாரோடய்யா சண்டை?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

முதலாளி. மாலை வருவதாகச் சொன்னவர், வெயில் நன்றாக இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும் என்று புகைப்படக்காரர் நச்சரித்ததால் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டார். புதுத் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்த மனைவி, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மேலாளரின் சட்டை முழுக்கப் புல். மூக்கு நுனியில் கறுப்பு அழுக்கு. புல்வெட்டி சக்கரம் முளைத்த பாறை மாதிரி நடுவில் நின்றது.

"அது... வந்து சார்... நம்ம சேவை எப்படி இருக்குன்னு ஒரு சின்ன..."

"மெஷின் ஓடல சார்" என்று மைத்துனன் உதவி செய்தான். "காலைலேர்ந்து ஓடல. மாமா போன்ல கெஞ்சிட்டு இருக்கார்."

"ஓடலியா? குடு போன" என்று முதலாளி அதை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டார். "அம்மா, நான் முதலாளி பேசுறேன்."

கூடத்தில் அவருடைய படம் சுவரில் உண்டு. குரலை யாரும் கேட்டதில்லை. "ஆள் வச்சு நடிக்க வைக்கிறாருடி! எந்தக் கம்பெனியில நடக்கும் இது!" என்று முதலில் போனை எடுத்த பெண் வியந்தாள்.

"உங்களோட பேசறதுல ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் பனிக்கட்டி. "பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கா?"

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது முதலாளி குனிந்து புல்வெட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"பேட்டரி இதுல எங்கம்மா இருக்கு?"

கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் புல்வெட்டிகளை விற்றிருக்கிறாரே தவிர, ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தவிர, பல காலமாக யாரும் அவரை ஒரு வேலை செய்யச் சொன்னதில்லை. அந்த இனிமையான குரல் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னது அவருக்குப் புதுசாக, ருசியாக இருந்தது.

"கறுப்பு மூடியத் தூக்குங்க சார். தெரியுதா? பட்டன அழுத்தி வெளிய எடுங்க. விளக்கு பச்சையா இருக்கா? அவசரமில்ல, பாத்துச் சொல்லுங்க."

"பச்சைதான். எடுத்துட்டேன். மாட்டிட்டேன். அடுத்து?"

"சாவி சார். உள்ள முழுசா போயிருக்கா? விரல வச்சு அமுக்கிப் பாருங்க."

"போயிருக்கு."

"சார், நாங்க எல்லாம் பாத்துட்டோம்..." என்று மேலாளர் குறுக்கிட்டார்.

"சும்மா இருய்யா. அவங்க என்னைத்தானே கேக்குறாங்க? ம், சொல்லும்மா."

"கைப்பிடி சார். மடிச்சு நிமித்தற இடம் ரெண்டு பக்கமும் இருக்கும். ஒவ்வொரு பக்கமா கை வச்சு அழுத்துங்க. 'டக்'குன்னு சத்தம் கேக்கணும்."

முதலாளி வலது பக்கம் கை வைத்து அழுத்தினார். அது ஏற்கெனவே இறுக்கமாக இருந்தது. இடது பக்கம் வந்தார். முதல் நாள் மைத்துனன் தன் பைக்கை நிறுத்த இடம் கேட்டபோது, மேலாளர் கைப்பிடியை மடித்து மெஷினை மூலையில் ஒதுக்கியிருந்தார். காலையில் நிமிர்த்தும்போது ஒரு பக்கம் பொருந்தியது. மறுபக்கமும் பொருந்தியிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டால்தான் உள்ளேயிருக்கும் சின்ன சுவிட்ச் மின்சாரத்தை விடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்.

டக்.

கோலியோடு கோலி மோதிய மாதிரி அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது.

"கேட்டுதும்மா!" என்று முதலாளி கூவினார்.

"நல்லது சார். இப்ப பக்கத்துல இருக்கறவங்கள தள்ளி நிக்கச் சொல்லிட்டு லீவர அழுத்துங்க."

புல்வெட்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. முதலாளி குழந்தைபோல் சிரித்தார். "நானே ரிப்பேர் பண்ணிட்டேன்யா! நானே!" என்று கத்திக்கொண்டு, போனை மேலாளர் கையில் திணித்துவிட்டு, கோட்டோடு, பளபளக்கும் ஷூவோடு, புல்தரையின் நடுவே ஒரு நீளப் பட்டை வெட்டிக்கொண்டு போனார். புகைப்படக்காரர் ஓடி ஓடிப் படம் எடுத்தார். சிரித்த முகத்தோடு ஓரமாக நின்ற மேலாளரைக் கொஞ்சம் நகரச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம்.

"அட்டைப்படம் கிடைச்சாச்சு" என்றார் புகைப்படக்காரர்.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்தக் கேள்விய எல்லாம் எழுதினது யாருய்யா?"

போன உயிர் மேலாளருக்குத் திரும்பி வந்தது. "நான்தான் சார்! ஒவ்வொரு வரியும்!"

"பிரமாதம். ஒண்ணுமே தெரியாத என்னையே மெக்கானிக் ஆக்கிடுச்சு. உன்னை அந்த இடத்துலேர்ந்து நகத்தினா கம்பெனிக்குத்தான் நஷ்டம். நீ அங்கயே இரு."

"சார்... அப்ப அந்தத் தலைமைப் பதவி..."

"அதுக்கென்ன? பேசினது அந்தக் கண்காணிப்பாளர்தானே? முதலாளி பேசுறேன்னு சொன்னேன், அசைஞ்சாளா அந்தப் பொண்ணு? அந்தமாதிரி ஆள்தான்யா மேல இருக்கணும். நாளைக்கே உக்கார வச்சிடு."

கார் போய்விட்டது. புல்தரையின் நடுவே அந்த ஒற்றைப் பட்டை, தலையில் தவறாக எடுத்த வகிடு மாதிரி கிடந்தது. மனைவி புதுத் திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தாள். அதுதான் மேலாளருக்கு அதிகம் வலித்தது. மைத்துனனோ, "மாமா, மீதியை நீங்கதான் வெட்டணும் போல" என்றான்.

வெட்டினார். முடித்து, படியில் உட்கார்ந்தபோது, பையில் இருந்த மனைவியின் போன் அடித்தது. எடுத்தார். பதிவு செய்த குரல்.

"இன்று எங்கள் சேவை எப்படி இருந்தது? மிக நன்று என்றால் ஐந்தை அழுத்தவும். மிக மோசம் என்றால் ஒன்றை அழுத்தவும்."

மேலாளர் போனைப் பார்த்தார். ஒன்று வாங்கிய ஊழியருக்கு அந்த ஆண்டு பதவி உயர்வு கிடையாது. முதலாளியே நினைத்தாலும் முடியாது. சிபாரிசுகளை ஒழிக்க அவர் கொண்டுவந்த விதி அது. சுற்றும் முற்றும் பார்த்தார். மனைவி சமையலறையில் இருந்தாள். மைத்துனன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒன்றை அழுத்தினார். போனைத் துடைத்து, மனைவி வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் ஆபீசில் நுழைந்ததும் பனிக்கட்டி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கூடமே எழுந்து நின்றது.

"சார், மன்னிக்கணும். நேத்து அது நிஜம்னு முதலாளி ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டுச் சொன்னப்பதான் தெரிஞ்சுது. நாங்க சோதனைன்னு நினைச்சிட்டோம்."

"பரவாயில்லம்மா. கடமைய செஞ்சீங்க" என்றார் மேலாளர், பெருந்தன்மையாக.

"ஆனா சார், பதவிய என்னால ஏத்துக்க முடியாது. எனக்கு ஒண்ணு விழுந்திருக்கு." அவர் குரல் அப்போதும் ஏறவில்லை, இறங்கவில்லை. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

"அடடா! யாரு, யாரும்மா அது?" என்றார் மேலாளர். "சரி, விதின்னா விதிதான். என்ன செய்யறது?"

"விதியில இன்னொண்ணும் இருக்கு சார். ஒண்ணு விழுந்தா, மறுநாள் முதல் வேலையா மேலாளரே அந்த வாடிக்கையாளரக் கூப்பிட்டு என்ன குறைன்னு கேக்கணும். அவங்க சொல்றதப் பாத்துதான் ஒண்ணு நிக்கும், இல்லேன்னா அழிஞ்சுடும்."

மேலாளர் எழுதிய விதிகள் ஏராளம். இதை அவர் சுத்தமாக மறந்திருந்தார்.

"நான் என் அறையிலேர்ந்து பேசிக்கிறேன்."

"கூடத்துலதான் சார். ஒலிபெருக்கியில, எல்லாரும் கேக்கணும். தப்பு செஞ்சவங்களுக்கு உறைக்கணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

பனிக்கட்டியே எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கூடம் முழுக்கக் கேட்கும்படி மனைவியின் குரல் வந்தது.

"ஹலோ?"

"வணக்கம். உங்கள் புல்தரை எங்கள் பொறுப்பு. சேவை மேலாளர் பேசுகிறேன்."

"என்னங்க, சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டீங்களா?"

யாரோ இருமினார்கள். மேலாளர் எதிரே சுவரில் மாட்டியிருந்த முதலாளியைப் பார்த்தபடி ஒப்பித்தார்.

"நேற்று எங்கள் சேவைக்கு நீங்கள் ஒன்று கொடுத்திருக்கிறீர்கள். குறை என்ன என்று தெரிந்துகொள்ளலாமா?"

"குறையா? அந்தம்மா குரல் எவ்வளவு பொறுமை! நீங்க அந்தக் கத்து கத்தினீங்க, திருப்பி ஒரு வார்த்தை சொன்னாங்களா? நீங்க கைப்பிடிய ஒழுங்கா மாட்டல, அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? ஒண்ணா? நான் எதுவும் அழுத்தலியே." மனைவி கொஞ்சம் யோசித்தாள். "ஏங்க, நேத்து புல் வெட்டி முடிக்கிற வரைக்கும் என் போன் உங்க பையிலதானே இருந்தது?"

கூடத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் திரையை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். பனிக்கட்டி பேனாவை எடுத்தார்.

"வாடிக்கையாளருக்குக் குறை இல்லைன்னு போட்டுக்கறேன் சார். நன்றி சொல்லிட்டு வைக்கணும்."

மேலாளர் மனைவிக்கு நன்றி சொன்னார்.